உள்ளே ஒரு வருஷம், வெளியே ஒரு வருஷம்

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய 1973இல் பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நினைத்த நெய்க்காரப்பட்டிப் பையன் பழனிக்குப் பஸ் ஏறி, ஒரு வருஷம் பி.யு.சி. படித்தாக வேண்டும். புகுமுக வகுப்பு என்று சர்டிபிகேட்டில் இருக்கும். பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ, டாக்டருக்கோ இன்ஜினீயருக்கோ, எங்கே போவதானாலும் அந்த ஒரு வருஷத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வெல்ல மண்டி முதலாளி மகனுக்கும் அதுதான், கரும்பாலையில் அடுப்புக்குச் சருகு தள்ளுகிறவர் மகனுக்கும் அதுதான்.

2025 மே மாதத்தோடு என் மகள் வயிற்றுப் பேத்தியும் அப்படி ஒரு வருஷத்தை முடித்தாள். பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தக் கல்லூரியிலும் சேராமல், நீட் தேர்வுக்கு மறுபடி படித்த வருஷம். ஊரில் அப்படிப் படிக்கிறவர்களுக்கு ‘ரிப்பீட்டர்’ என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவன் நான். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் தேவைப்படும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன். அந்த வருஷத்தை அன்று யார் பொறுப்பில் வைத்திருந்தோம், இன்று யார் கையில் விட்டிருக்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பி.யு.சி.க்கு முன்னால் இன்டர்மீடியட் என்று இரண்டு வருஷம் இருந்தது. 1956 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகம் அதை எடுத்துவிட்டு, ஒரு வருஷப் புகுமுக வகுப்பையும் மூன்று வருஷப் பட்டப்படிப்பையும் கொண்டுவந்தது. பழனியில் தேவஸ்தானம் 1960இல் அருள்மிகு பழனியாண்டவர் கல்லூரியைத் தொடங்கியது. மலைக்கு வந்தவர்கள் போட்ட காணிக்கையிலிருந்து எழுந்த கல்லூரி. அதற்கு முன்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் மதுரை, கோயம்புத்தூர், திருச்சி. ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைதான் போக முடியும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் எங்கள் கல்லூரி அதன் கீழ் வந்தது. அப்போது பழனி மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.

பணம் ஒரு தடையாக இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் படிப்பைக் காமராசர் இலவசமாக்கினார். கலைஞரின் முதல் ஆட்சிக் காலத்தில் அது புகுமுக வகுப்பு வரை நீண்டது. எங்களுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. சேர்க்கை அன்று அப்பா என்னோடு வந்திருந்தார். அதுவரை கல்லூரிக் கட்டடம் எதற்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை.

“பெரியவரே, கையெழுத்துப் போடுவீங்களா, ரேகையா?” என்று ஆபீஸ் கிளார்க் கேட்டார்.

“போடுவனுங்க. கொஞ்சம் நேரமாகுமுங்க” என்றார் அப்பா.

கிளார்க் பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து “பொறுங்கப்பா” என்று மட்டும் சொன்னார். அப்பா எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதி முடித்தார். நான் கல்லூரி மாணவன் ஆனேன். சேர்ந்த அன்றே எனக்குக் கல்லூரியில் ஒரு நம்பர், நூலகத்தில் ஒரு அட்டை, லேபில் ஒரு இடம். அந்த வருஷம் முழுக்க நான் கல்லூரிக்குள் இருந்தேன். படிப்பு வந்ததா இல்லையா என்பது பிறகு. முதலில் உள்ளே விட்டார்கள்.

பாடம் மூன்று பகுதி. முதல் பகுதி இங்கிலீஷ், இரண்டாம் பகுதி தமிழ், மூன்றாம் பகுதியில் நாம் எடுக்கும் பாடங்கள். நான் கணக்கு, பௌதிகம், ரசாயனம். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு முதல் வாரமே கண்ணைக் கட்டியது. பௌதிக வகுப்பில் லெக்சரர் பேசப் பேச, ‘விசை’ எது ‘முடுக்கம்’ எது என்றுகூடப் பிடிபடவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஆயக்குடிப் பையன், சத்திரப்பட்டிப் பையன், புஷ்பத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவன், எல்லோரும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு மட்டும் புரியவில்லை என்றிருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன். பெஞ்சே புரியாமல் உட்கார்ந்திருந்ததால் வெட்கமில்லை.

எங்கள் இங்கிலீஷ் லெக்சரர் இதைத் தெரிந்தவர். முதல் சில வாரம் பாடப் புத்தகத்தையே தொடவில்லை. டிக்ஷனரியில் சொல்லைத் தேடுவது எப்படி, கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் காதால் கேட்டு நோட்ஸ் எடுப்பது எப்படி, ஒரு பாராவைப் படித்துவிட்டு மூன்று வரியில் எழுதுவது எப்படி என்று அதையே நடத்தினார். “இங்கிலீஷ் தெரியலைன்னா நீங்க முட்டாள் இல்லைப்பா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியலை, அவ்வளவுதான்” என்று அவர் சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நான் வாத்தியார் ஆன பிறகு ஒவ்வொரு பிளஸ் ஒன் வகுப்பிலும் அதைத் திருப்பிச் சொன்னேன்.

ரசாயன லேபில் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பியூரெட்டை நாங்கள் கண்ணாடி அலமாரிக்குள்தான் பார்த்திருந்தோம். அவர் அதைக் கையில் கொடுத்து, குழாயைத் திருகச் சொல்லி, சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். நிறம் மாறும் இடம் ஒரு சொட்டில் தாண்டிப்போகும். தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி. “கொட்டுனா பரவால்லை, கணக்கை மட்டும் மாத்தி எழுதாதே” என்பார். ஒரு அறிவியல் மாணவனுக்குச் சொல்லித் தர வேண்டிய முதல் பாடம் அதுதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

மார்கழி வாக்கில் ஒரு சமயம், எல்லாம் போதும், நீங்கள் வேலை பார்க்கும் கரும்பாலைக்கே வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கொப்பரையைத் துழாவிக்கொண்டிருந்த அப்பா, “சாறு பாகாக நேரம் எடுக்கும் சாமி. அவசரப்பட்டு எறக்குனா அச்சுல நிக்காது” என்றார். எனக்கு நேரம் தரலாம் என்று அவர் நினைத்ததற்குக் காரணம், அந்த நேரத்துக்கு அவர் கடன் வாங்கவில்லை என்பதே. இதை நான் உணர்ந்தது என் பேத்தியின் வருஷத்தில்.

தமிழ் வகுப்பைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மு.வ. அவருடைய ‘அகல் விளக்கு’ நூலகத்தில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடந்தது. நாங்கள் படிக்கும் நாவலை எழுதியவர்தான் எங்கள் மார்க் ஷீட்டைத் தரப்போகும் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதம். பல்கலைக்கழகம் என்பது எங்கோ இருக்கும் கோட்டையாகத் தெரியாமல், நம் பாஷையில் எழுதுகிற ஒருவர் இருக்கும் இடமாகத் தெரிந்தது. நான் புகுமுக வகுப்பை முடித்த அதே 1974ஆம் வருஷம் அக்டோபரில் அவர் இறந்துபோனார். பி.எஸ்ஸி. முதல் வருஷம் அப்போது. அன்று எங்கள் தமிழ் வாத்தியாரால் வகுப்பு நடத்த முடியவில்லை.

அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பில் நிறையப் பேர் இங்கிலீஷில் போனார்கள். செப்டம்பரில் எழுதினார்கள், மறுபடி போனார்கள், அப்படியே படிப்பை விட்டார்கள். ‘பி.யு.சி. ஃபெயில்’ என்பதை ஊரில் ஒரு தகுதி போலவே சொல்வார்கள். ஒரே வருஷத்தில் சேர்க்கைக்குக் கொஞ்சம், விடுமுறைக்குக் கொஞ்சம், பரீட்சைக்குக் கொஞ்சம் போனால், தமிழ் வழியில் பதினோரு வருஷம் படித்தவனை ஆங்கில வழிக்கு மாற்ற மிஞ்சியது சில மாதங்கள்தான். பெண் பிள்ளைகளுக்கு அது வேறு விதமாக முடிந்தது. 1970இல் தேவஸ்தானம் சின்னக்கலையம்புத்தூரில் பெண்களுக்கென்று கலைக் கல்லூரி தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்து வீடுகள் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பின. அங்கும் பலருக்குப் புகுமுக வகுப்போடு சரி. என் அக்கா அந்த ஒரு வருஷத்தை முதல் வகுப்பில் முடித்தாள். அடுத்த தையில் கல்யாணம். இப்போதும் கணக்கு நோட்டில் அவள் எழுத்துதான் எங்கள் குடும்பத்திலேயே அழகான எழுத்து.

கோத்தாரி கமிஷன் 1966இலேயே பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பைச் சொல்லியிருந்தது. கல்லூரிக்குள் பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கூட்டம் சேர்ப்பதைவிட, பள்ளியிலேயே இரண்டு வருஷம் நிதானமாகத் தயார் செய்யலாம் என்பது அதன் வாதம். நல்ல வாதம். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ தொடங்கியது. 1980இல் முதல் பொதுத்தேர்வு. புகுமுக வகுப்பு மறைந்தது. அந்த மாற்றத்தை நான் வரவேற்றேன். கிராமத்துப் பிள்ளைக்குப் பழனி வரை வராமலேயே, தன் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷம் கிடைத்தது. நானே அப்படி ஒரு பள்ளியில்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆனால் நடந்தது வேறு. அந்த இரண்டு வருஷம் கல்லூரிக்குத் தயார் செய்யும் வருஷங்களாக நிற்கவில்லை. மார்க்குக்குத் தயார் செய்யும் வருஷங்களாகிவிட்டன. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைக்கும் பள்ளிகள் வந்தன. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. மார்ச்சில் பரீட்சை முடிந்த பிள்ளை ஏப்ரலில் என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்குப் போனது. மார்க் போதாதவர்கள் ‘இம்ப்ரூவ்மென்ட்’ எழுத ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். நம் மாநிலத்தில் பள்ளி முடித்த பிள்ளை எங்கும் சேராமல் ஒரு வருஷம் தனியாகப் படிக்கும் வழக்கம் வேர் பிடித்தது அப்போதுதான். நாமக்கல், ராசிபுரம் பக்கம் அதற்கென்றே விடுதிகள் எழும்பின. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு போனது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கை வைத்து மருத்துவ இடம் கொடுத்தார்கள். 2017இல் நீட் வந்தது. 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் குழுமூர் அனிதா, நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல், அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். 

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17இல் தமிழ்நாட்டில் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 100க்கு 12 பேர் அளவில் இருந்தார்கள். 2020-21இல் அது 71ஐத் தாண்டியது. அதாவது, பள்ளி முடித்தவுடன் சேர்ந்தவர்கள் 100க்கு 29 பேர்கூட இல்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வெளியே உட்கார்ந்து படிப்பது ஏறக்குறைய விதியாகிவிட்டது. எந்தச் சட்டமும் போடாமல், எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டம் எழுதாமல், புகுமுக வகுப்பு திரும்பி வந்துவிட்டது. காசு உள்ளவர்களுக்கு மட்டும்.

என் பேத்தி 2024 மே மாதம் முதல் தடவை எழுதினாள். நாடு முழுக்க 23 லட்சத்துக்கு மேல் எழுதிய வருஷம். எம்.பி.பி.எஸ். இடங்கள் மொத்தமே ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு 720க்கு 720. கேள்வித்தாள் கசிந்த வழக்கு, கருணை மதிப்பெண் வழக்கு என்று அந்தக் கோடை முழுக்கப் பிள்ளைகள் டி.வி. முன்னால் பதறிக்கொண்டிருந்தார்கள். “இன்னொரு வருஷம் படிக்கிறேன் அப்புச்சி” என்றாள். மருமகன் நகையை வைத்துப் பணம் புரட்டி, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பயிற்சி மையத்தில் சேர்த்தார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவேன். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுகிறார்கள். காலை வகுப்பு, மாலை வகுப்பு, இரவு ஸ்டடி. வாரா வாரம் டெஸ்ட்; சரியான விடைக்கு நான்கு மார்க், தப்புக்கு ஒன்று கழிவு. டெஸ்ட் முடிவு வந்ததும் ரேங்க் வரிசைப்படி பேட்ச் மாறும். நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்று வேறு அறையில். சொல்லித் தருகிறவர்கள் திறமையானவர்கள், கடுமையாக உழைக்கிறவர்கள்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட பியூரெட்டைத் தொடவில்லை. ஒரு பக்கம் தொடர்ந்து எழுதவில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கினாள், அவ்வளவே. ஒரு கதை, ஒரு செய்தித்தாள், பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி, எதற்கும் இடமில்லை. ‘ஏன்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை, ‘இது வருமா’ என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

அதைவிட என்னை வருத்தியது வேறு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் வாசலுக்கு வரவில்லை. கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

“வேண்டாம் அப்புச்சி. யாராச்சும் பார்த்தா என்ன படிக்கிறேன்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லு கண்ணு.”

“என்னன்னு சொல்றது? நான் எந்தக் காலேஜும் இல்லையே.”

அவள் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் அவள் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை, எந்தக் கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை. அடையாள அட்டை இல்லை. அவளோடு அங்கே படித்த பையன்களுக்கு மாணவர் பஸ் பாஸ் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு 2022இலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2024இலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். நல்ல திட்டங்கள், எத்தனையோ பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆனால் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பணம் வராது, ஏனென்றால் அது எங்கும் சேரவில்லை. பதினெட்டு வயதில், பயம் மிக அதிகமாக இருக்கும் வருஷத்தில், அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் அந்தப் பிள்ளை கிடையாது.

எனக்குக் கிடைத்த வருஷத்துக்கும் அவளுக்குக் கிடைத்த வருஷத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். எனக்கு இடம் முதலில் வந்தது, தயாரிப்பு பிறகு நடந்தது. அவளுக்குத் தயாரிப்பு முதலில், இடம் வருமா என்பது தெரியாது. நான் கல்லூரி வாசலுக்கு உள்ளே இருந்துகொண்டு தடுமாறினேன். அவள் வெளியே நின்று தடுமாறினாள். உள்ளே தடுமாறுகிறவனுக்குப் பெயர் மாணவன்.

வெளிநாட்டில் வசதியான பல்கலைக்கழகங்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துதான் செயல்படுகின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009இலிருந்து, தான் சேர்த்துக்கொண்ட மாணவர்களில் சிலரைப் படிப்பு தொடங்கும் முன் ஒன்பது மாதம் வேற்று நாடுகளுக்குத் தொண்டு வேலைக்கு அனுப்புகிறது. நம் காசிக்கும் வந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, திரும்பி வந்தால் இடம் காத்திருக்கும். ஆக்ஸ்போர்டு 2023இல், வசதி குறைந்த சூழலிலிருந்து வரும் உள்நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷம் அடிப்படை சொல்லித் தரும் வகுப்பைத் தொடங்கியது. செலவு பல்கலைக்கழகத்துடையது. அதைப் படித்தபோது என் புகுமுக வகுப்பு பெஞ்சுதான் கண்முன் வந்தது. எங்கள் கோயில் கல்லூரி ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கரும்பாலைக்காரர் மகனுக்குச் செய்ததும் அதுதானே. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நம் பக்கம்தான் நிற்கிறார்கள்: பல்கலைக்கழக இடத்துக்காக உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை வரை எழுதலாம், நடுவில் உள்ள வருஷங்கள் டியூஷன் வாத்தியார்களுடையவை. தமிழ்ப் பிள்ளை கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளியேதான் நிற்கிறது.

2025 மே 4ஆம் தேதி பேத்தி இரண்டாம் தடவை எழுதினாள். பௌதிகம் மிகக் கடினம். அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் வந்தவர் வாங்கியது 686. முந்தின வருஷம் முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு முழு மார்க்கும், அடுத்த வருஷம் ஒருவருக்குக்கூட 700 இல்லாததும் பிள்ளைகளின் அறிவில் நடந்த மாற்றமா? அவள் இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். லேபில் நுண்ணோக்கியைத் தானே திருகிப் பார்த்ததைப் போனில் அரை மணி நேரம் சொன்னாள். கூடப் படிப்பவர்கள் அவளைவிட ஒரு வயது சின்னவர்கள். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அங்கே யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவள் வகுப்பில் இன்னும் எத்தனை பேர் அதே மாதிரி சொல்லாமல் இருக்கிறார்களோ.

நீட் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்பது சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் நடக்கும் வழக்கு. போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது போகும் வரை காத்திருக்க இந்தப் பிள்ளைகளுக்கு வயது இல்லை. அது போனாலும், பள்ளி முடித்தவுடன் என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளை, தமிழ் வழியிலிருந்து வந்து ஆங்கிலத்துக்கு முன் திகைக்கும் பிள்ளை, அப்பா தவறிப்போனதால் ஒரு வருஷம் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க நினைக்கும் பிள்ளை, எல்லோரும் இருப்பார்கள். கல்லூரிகள் முதலாம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்று சில நாள் வகுப்பு வைக்கின்றன. பதினோரு வருஷ இடைவெளியை ஒரு முழு வருஷத்திலேயே கடக்க முடியாமல் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் திணறினோம். சில நாளில் என்ன செய்ய முடியும்?

பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் மரத்தடியில் தொடங்கிய இலவசப் பயிற்சி மையத்தைத் தமிழ்நாடே அறியும். வார இறுதியில் எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து, அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படித்துவிட்டுப் போகிறார்கள். கட்டணம் இல்லை. எத்தனையோ வீடுகளில் முதல் அரசு ஊழியர் அங்கிருந்து வந்திருக்கிறார். ஒரு மரத்தடியால் முடிந்தது, லேபும் நூலகமும் ஆசிரியர்களும் உள்ள கல்லூரிகளால் ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்தந்த ஊர் அரசுக் கல்லூரியும் உதவி பெறும் கல்லூரியும் ‘புகுமுக ஆண்டு’ என்று ஒரு பதிவேடு திறக்கட்டும். பிளஸ் டூ முடித்து எங்கும் சேராத பிள்ளை எதுவானாலும் அதில் பெயர் கொடுக்கலாம். அடையாள அட்டை கொடுங்கள். பஸ் பாஸ் தானே வரும், உதவித்தொகையை அரசு ஒரு உத்தரவில் நீட்டலாம். காலையில் நீட்டுக்கோ வேறு எதற்கோ படிக்கட்டும். மாலையில் லேபைத் திறந்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆங்கிலம், ஒரு நாள் எழுத்துப் பயிற்சி. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்தப் பழனி வட்டாரத்திலேயே நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளம் இல்லாமல் வருவோம்; நான் வருவேன். பரீட்சையில் தேறவில்லை என்றால் அந்த வருஷம் வீணாகாமல், அதே கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேரும்போது அதற்கு ஒரு மதிப்புக் கொடுங்கள். கோயில் காணிக்கையில் எழுந்த எங்கள் கல்லூரிகளில் இதைத் தொடங்கினால் ஊரே கூட நிற்கும்.

அதுவரை பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஜூனில் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உறவுக்காரர்கள் கேட்பார்கள் என்று அதை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். பணம் கட்டும் முன்னால் பக்கத்துக் கல்லூரி முதல்வரைப் பாருங்கள். நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இந்தப் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள் என்று கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் மறுக்கிற முதல்வர் அதிகம் இருக்க மாட்டார்.